சித்தூர் தாலுகா குளங்களைப் பற்றிக் கூட்டு ஆய்வு: செமான்டிக் விக்கி வேண்டுமா, கூகுள் ஷீட்டே போதுமா?

ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்து ஆட்கள் (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராச் சித்தூர் இல்லை). பள்ளி ஆசிரியர்கள் சிலர், கல்லூரிப் பிள்ளைகள், தென்னை விவசாயிகள், எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியில் இருக்கும் நண்பர்கள் எல்லாம் சேர்ந்து இந்தப் பகுதியின் குளம், ஏரி, பொதுக்கிணறு ஒவ்வொன்றையும் பதிந்து வருகிறோம். எப்போது வெட்டினது, தண்ணீர் வாய்க்காலில் வருகிறதா மழையில் நிரம்புகிறதா, மதகு யார் பொறுப்பு, எந்த மாதம் வற்றும், இதுதான் விஷயம்.

இப்போது எல்லாம் வாட்ஸ்அப் குரல் பதிவிலும் ஒரு கூகுள் ஷீட்டிலும் கிடக்கிறது. ஷீட்டில் மற்ற பத்திகள் பாதி காலி, 'குறிப்பு' பத்தி மட்டும் வீங்கிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் இருப்பதை அப்படியே தருகிறேன்: "தொண்ணூத்தொம்பது வெள்ளத்துல கரை போச்சு, அப்புறம் கோயில்காரங்க கட்டினது, மேக்கால மதகு இப்ப இல்ல, ஆளியாறு தண்ணி வந்தாத்தான் ரொம்பும்." இதில் நாலு தகவல் இருக்கிறது, ஒன்றைக்கூடத் தேடி எடுக்க முடியவில்லை.

செமான்டிக் மீடியாவிக்கி (விக்கிப்பீடியா ஓடும் மென்பொருளோடு சேர்கிற ஒரு நீட்சி, எழுத்துக்குள்ளேயே தேடக்கூடிய தரவைப் பதியலாம்) இதற்குச் சரிப்படும் என்று ஒரு பிள்ளை சொன்னான். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு மூன்று கவலை. எங்கள் பெரியவர்கள் போனில்தான் எழுதுவார்கள். ஒரே குளத்துக்கு இரண்டு பேர் இரண்டு வருஷம் சொல்கிறார்கள். என்னென்ன பண்புகள் (ஆழம், வெட்டின வருஷம் மாதிரி ஒவ்வொரு குளத்துக்கும் பதியும் விவரங்கள்) வைப்பது என்று முடிவு செய்யவே குழுவில் சண்டை வந்துவிடும் போலிருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

தரவுப்பெட்டி பதில்:

சார், உங்கள் 'குறிப்பு' கட்டத்தைப் பார்த்ததுமே சொல்லலாம், அது ஷீட்டுக்கு உரிய சரக்கு இல்லை. செமான்டிக் விக்கி என்ற யோசனையே இந்த மாதிரி எழுத்துக்காகத்தான் வந்தது. 2005-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவ பல்கலைக்கழக ஆட்கள் (மார்க்குஸ் க்ரோட்ஷ், டென்னி விராண்டெசிச், மாக்ஸ் வோல்கெல்) ஆரம்பித்தபோது விக்கிப்பீடியாவுக்குள்ளேயே இதைக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். அது நடக்கவில்லை. பிறகு அதே டென்னி முன்நின்று 2012-இல் விக்கித்தரவு (விக்கிப்பீடியாவின் பொதுத் தரவுக் களஞ்சியம், விக்கிடேட்டா) வந்தது. செமான்டிக் மீடியாவிக்கி தனி நிறுவனங்களும் ஆய்வுக் குழுக்களும் பயன்படுத்தும் கருவியாக வளர்ந்தது.

வேலை எப்படி என்றால், குளத்தைப் பற்றிச் சாதாரணமாக எழுதிக்கொண்டே போகிறீர்கள், நடுவில் ஆழம் வரும் இடத்தில் [[ஆழம்::12 அடி]] என்று எழுதுகிறீர்கள். படிப்பவருக்கு '12 அடி' என்று மட்டும் தெரியும், பின்னால் அது தரவாகச் சேர்ந்துவிடும். அப்புறம் 'எருத்தேம்பதியில் 10 அடிக்கு மேல் ஆழமுள்ள குளங்கள்' என்று ஒரு வினவலை (தேடல் கட்டளையை) வேறொரு பக்கத்தில் எழுதி வைத்தால் பட்டியல் தானாக வரும், புதுக் குளம் சேர்த்தால் அதுவும் அதில் ஏறிக்கொள்ளும்.

ஒன்றை முதல் நாளே கவனியுங்கள். பண்புக்கு என்ன வகை என்று அறிவிக்காமல் விட்டால் மென்பொருள் அதைப் 'பக்கம்' என்று எடுத்துக்கொள்ளும். அதாவது '12 அடி' என்ற தலைப்பில் ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்று நினைத்துச் சிவப்பு இணைப்பு போட்டுவிடும். ஆழத்துக்கு 'அளவு' வகை கொடுத்து, 1 மீட்டர் என்றால் 3.28 அடி என்று பண்பின் பக்கத்தில் எழுதிவிட்டால், ஒருவர் அடியிலும் ஒருவர் மீட்டரிலும் எழுதினாலும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

உங்கள் குறிப்பில் வரும் அந்தத் தொண்ணூத்தொம்பது, மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு 1099. வெள்ளம் வந்தது 1924 ஜூலையில். உங்கள் தாலுகா முன்னே கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது, பக்கத்துப் பாலக்காடு மெட்ராஸ் மாகாணத்து மலபாரில் இருந்தது. அதனால் பழைய காகிதங்களில் ஒரு பக்கம் கொல்லம் ஆண்டும் மறுபக்கம் ஆங்கில ஆண்டும் வரும். தேதி வகைப் பண்புக்குக் கொல்லம் ஆண்டு தெரியாது. ஆகவே 'சொன்னபடி காலம்' என்று எழுத்தாக ஒரு பண்பு, 'ஆங்கில ஆண்டு' என்று தேதியாக இன்னொன்று, இரண்டும் வையுங்கள். கொல்லம் ஆண்டு மலையாளச் சிங்க மாதத்தில் பிறப்பதால் வெறும் ஆண்டு மட்டும் தெரிந்தால் 824 கூட்டுவதா 825 கூட்டுவதா என்று தெரியாது, மூலம் அழியாமல் இருந்தால்தான் பின்னால் சரிபார்க்க முடியும்.

---

பொள்ளாச்சி மதி பதில்:

எனக்கு மாற்றுக் கருத்து. செமான்டிக் மீடியாவிக்கிக்கு சர்வர் வேண்டும், பிஎச்பி, டேட்டாபேஸ், அதற்கு மேல் அப்டேட் பார்க்க ஓர் ஆள் வேண்டும். படித்துக்கொண்டிருக்கும் பையனை நம்பி வைத்தால் அவன் வேலை கிடைத்து பெங்களூரு போன நாளோடு நின்றுவிடும். ஷீட்டையே ஒழுங்காகப் பிரியுங்கள்: குளங்களுக்கு ஒரு தாள், கவனிப்புகளுக்கு ஒரு தாள், சொன்னவர்களுக்கு ஒரு தாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அதுவே பாதிச் சிக்கலைத் தீர்க்கும். பிறகு எந்த மென்பொருளுக்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.

சர்வர் தொல்லை வேண்டாம் என்றால் விக்கிமீடியா டாய்ச்லாண்ட் நடத்தும் விக்கிபேஸ் கிளவுட் இருக்கிறது, விக்கித்தரவுக்குக் கீழே ஓடும் அதே மென்பொருள். ஆனால் அதில் எல்லாமே கூற்று கூற்றாகத்தான் ('இந்தக் குளம், ஆழம், 12 அடி' என்பது போல) இருக்கும், நீங்கள் எழுத நினைக்கும் கதைக்கு இடம் குறைவு.

---

மறையூர் டீச்சர் பதில்:

மதி அண்ணன் சொல்வது போல் தாளைப் பிரிப்பதை முதலில் செய்யுங்கள், அது எந்த வழியிலும் வீண்போகாது. ஆனால் ஷீட்டோடு நிற்பதில் எனக்குச் சம்மதமில்லை. குளத்தைப் பற்றி ஒரு பாட்டி சொல்வதில் பண்பாகப் பிரிக்க முடிவது கொஞ்சம்தான். கரையில் எந்தக் கோயில் திருவிழாவுக்கு மதகு திறப்பார்கள், பஞ்சம் வந்த வருஷத்தில் யார் யாருக்கு முறை வைத்தார்கள் என்பதெல்லாம் எழுத்தாகவே இருக்க வேண்டும், தரவோடு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். விக்கி தருவது அதைத்தான்.

பெரியவர்களுக்கு அடைப்புக்குறியைக் காட்டவே வேண்டாம். பேஜ் ஃபார்ம்ஸ் என்று ஒரு நீட்சி இருக்கிறது, போனில் படிவம் மாதிரி திறக்கும், ஊராட்சிப் பெயர் பட்டியலில் இருந்து வரும். அவர்கள் நிரப்பினால் போதும்.

இரண்டு பேர் இரண்டு வருஷம் சொல்வதைக் கவலையாக நினைக்காதீர்கள், சார். அதுதான் ஆய்வு. ஒன்றை அடித்துவிட்டு ஒன்றை வைத்தால், நாளைக்கு ஒரு பத்திரம் கிடைக்கும்போது யார் சொன்னது சரி என்று பார்க்க வழியில்லாமல் போகும். ஒவ்வொரு கூற்றுக்கும் யார் சொன்னது, எப்போது, எந்தப் பதிவில் என்று சேர்த்து வையுங்கள். விக்கியின் பக்க வரலாறு பதிந்தவர் யார் என்றுதான் காட்டும், சொன்னவர் யார் என்று காட்டாது. இரண்டும் வேறு.

அதே போல் 'எந்த மாதம் வற்றும்' என்பதைக் குளத்தின் பண்பாக வைக்காதீர்கள். இந்த ஏப்ரலில் போய்ப் பார்த்தபோது தண்ணீர் இருந்ததா இல்லையா என்பதுதான் நம் கையில் இருக்கும் தகவல். தேதியோடு தனிக் கவனிப்பாக வையுங்கள், நாலைந்து வருஷம் சேர்ந்த பிறகு எது வற்றும் எது வற்றாது என்று தரவே சொல்லும்.

சொன்னவர்களின் பெயரைப் பொதுவில் போடும் முன் அவர்களிடம் கேளுங்கள். தண்ணீர் முறை, நிலத் தகராறு எல்லாம் வரும் இடம் அது. உள்ளே ஓர் எண், பெயர் உங்களிடம், அது போதும்.

---

ஏரிக்கரை எழுதியது:

டீச்சர், மதி, தரவுப்பெட்டி, மூவருக்கும் ரொம்ப நன்றி. கவனிப்பைத் தனியாக வைப்பது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பக்கம் அது இல்லாமல் நடக்காது, 1970 பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு கேரளத்துக்கு மணக்கடவு அணைக்கட்டில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தர வேண்டும் என்று எழுத்தில் இருக்கிறது, ஆனால் அது எந்த மாதம் எவ்வளவு வருகிறது என்பதில்தான் கடைசி வாய்க்கால் குளங்களின் உயிரே இருக்கிறது. திறந்துவிட்ட தேதியும் குளத்துத் தண்ணீர் மட்டமும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் எங்கள் வேலைக்கு அர்த்தம் இருக்கும்.

பண்புகளை யார் முடிவு செய்வது என்பது மட்டும் பாக்கி.

---

தரவுப்பெட்டி பதில்:

பண்பில் ஆரம்பித்தால் சண்டைதான் வரும், சார். கேள்வியில் ஆரம்பியுங்கள். இப்போது நீங்கள் சொன்னதையே 'வாய்க்கால் திறந்து எத்தனை நாளில் கடைசிக் குளத்துக்குத் தண்ணீர் வந்தது' என்று எழுதினால், அது ஒரு கேள்வி. குழுவில் ஆளுக்கு ஒரு கேள்வி எழுதச் சொல்லுங்கள். எந்தக் கேள்விக்கும் தேவைப்படாத பண்பு இப்போதைக்கு வேண்டாம், அது எழுத்திலேயே இருக்கட்டும், பிறகு தேவை வந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். கேட்ட கேள்விக்குத் தேவையானதை மட்டும் ஒரு வார்ப்புருவில் (எல்லாக் குளப் பக்கத்துக்கும் பொதுவான கட்டங்கள் உள்ள அச்சு) போட்டு, பத்துக் குளத்துக்கு நிரப்பிப் பாருங்கள். எந்தக் கட்டம் யாராலும் நிரப்ப முடியவில்லையோ அதை எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு பண்புக்கும் ஒரு பக்கம் உண்டு, அதைப் பற்றி விவாதிக்கப் பேச்சுப் பக்கமும் உண்டு. 'கரை நீளம் என்றால் மதகையும் சேர்த்தா' என்ற வாதம் அங்கே நடக்கட்டும், வாட்ஸ்அப்பில் நடந்தால் அடுத்த மாதம் தேட முடியாது.

மதி சொன்ன பயம் நியாயமானது. மாதம் ஒருமுறை எல்லாப் பக்கங்களையும் எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்து இரண்டு பேர் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், தரவை மட்டும் வேறு மென்பொருளும் படிக்கும் ஆர்டிஎஃப் ஆகவும், ஷீட்டில் திறக்கும் சிஎஸ்வி ஆகவும் எடுக்கலாம். விக்கித்தரவுக்கு அனுப்ப நினைத்தால் நினைவிருக்கட்டும், அங்கே தரவெல்லாம் சிசி ஜீரோ உரிமத்தில்தான், அதாவது யாரும் எந்த நிபந்தனையும் இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். குளத்தின் இடம், பெயர், ஊராட்சி போகலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் இருந்து எடுத்ததை அங்கே போடாதீர்கள், அதன் உரிமம் வேறு.

---

பொள்ளாச்சி மதி பதில்:

சரி, இப்படியென்றால் நானும் சேர்கிறேன். ஷீட்டைப் பிரிக்கும் வேலையை என்னிடம் விடுங்கள், ஒரு பிரதி அனுப்புங்கள். மணக்கடவு அணைக்கட்டு எனக்குப் பக்கம்தான், அங்கே தண்ணீர் வரும் தேதியை நான் பார்த்துப் பதிகிறேன். கடைசி வாய்க்காலில் தண்ணீர் வந்து சேரும் நாளை உங்கள் பக்கத்தில் யாராவது பதிய வேண்டும், வடகரப்பதியில் ஆள் இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.