பத்மினியை லோரைடர் ஆக்க: ஹைட்ராலிக்ஸா, ஏர் பேக்கா?

நீலாங்கரை1100:
வணக்கம். 1985 மாடல் பிரீமியர் பத்மினி ஒண்ணு இருக்கு. ஃப்ளோர்ல ரெண்டு இடத்துல துரு, மத்தபடி பாடி சுத்தம். இதை லோரைடரா கட்டணும். நிறுத்தினா தரையோட படுக்கணும், சுவிட்ச் தட்டினா எழுந்திருக்கணும். குதிக்கிறது கட்டாயமில்லை. ஹைட்ராலிக்ஸ் (பம்ப் வெச்சு ஆயில் அழுத்தத்துல தூக்கறது) போடறதா, ஏர் பேக்கா (ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை)? பின்னாடி பட்டை ஸ்பிரிங்கை என்ன செய்யறது? கலர் கேண்டி சிவப்பு (அடிக்கோட்டு தெரியற மாதிரி கண்ணாடிச் சிவப்பு), ரூஃப்ல ஃப்ளேக் (மினுங்கற துகள் கலந்த பெயிண்ட்).

லேத்து_பட்டறை:
ஏர் பேக்தான் தம்பி. பத்மினி மொத்தமே கிட்டத்தட்ட 900 கிலோ, 1089 சிசி, 40 குதிரைசக்தி சொச்சம். ஹைட்ராலிக்ஸ்னா ரெண்டு பம்ப், ஆறு பேட்டரி சர்வசாதாரணம். பேட்டரி ஒண்ணு 25 கிலோன்னு வெச்சாலும் டிக்கியில 150 கிலோ. பம்ப், ஆயில், ரேக் எடை தனி.

எடையைவிடப் பெரிய சிக்கல் பாடி. அமெரிக்காவுல லோரைடரா கட்டற செவ்ரோலெட் இம்பாலாவுக்கு அடியில தனி சேஸி உண்டு. குதிக்கிற வண்டின்னா அதையும் தகடு சுத்தி வெல்டு அடிச்சுப் பலப்படுத்துவாங்க. பத்மினிக்கு தனி சேஸி கிடையாது. சிலிண்டர் தள்ளற வேகம் நேரா மெல்லிசு தகட்டுக்குப் போகும். கதவு கேப் விரியும், வெல்டு புள்ளிகள் பிரியும், முன் கண்ணாடி விரிசல் விடும்.

ஹைட்ராலிக்ஸ் வந்த கதையே ஏத்தி இறக்கத்தான். சக்கரத்து ரிம்முக்குக் கீழே வண்டியோட எந்த பாகமும் தொங்கக்கூடாதுன்னு கலிபோர்னியாவுல 1958ல சட்டம் வந்தது. அடுத்த வருஷமே ரான் அகிர்ரேங்கிற கார் கட்டறவர் விமான ஹைட்ராலிக் பாகங்களை கார்வெட் காருல மாட்டி, வேணும்போது தூக்கிக்கிற மாதிரி செஞ்சார். குதிக்கிறதெல்லாம் பின்னாடி வந்தது. உங்களுக்கு வேண்டிய வேலையை காத்தே செய்யும்.

கணக்கு பாருங்க. ஒரு சக்கரத்து மேல சுமார் 225 கிலோ. முன்னால கீழ் விஷ்போனோட (சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கை) நடுவுல பேக் உட்கார்ந்தா அது தாங்க வேண்டியது இரட்டிப்பு, 450 கிலோ. பேக்கோட வேலை செய்யற விட்டம் 120 மிமீ-ன்னா பரப்பு 113 சதுர செமீ. வகுத்தா சதுர செமீக்கு 4 கிலோ, அதாவது 57 பிஎஸ்ஐ. நல்ல அளவு. அதே பேக்கை பின் ஆக்ஸில் மேல நேரா வெச்சா 28 பிஎஸ்ஐ தான் வரும், தொட்டில் மாதிரி ஆடும். பின்னால 90 மிமீ பேக் போடுங்க, 50 பிஎஸ்ஐ கிட்ட நிக்கும்.

நாலு பேக்குக்கும் நாலு தனி லைன், தனி வால்வு. இடதும் வலதும் ஒரே லைன்ல இருந்தா வளைவுல காத்து அந்தப் பக்கம் ஓடி வண்டி சாயும்.

நீலாங்கரை1100:
ரொம்ப நன்றி அண்ணே. பட்டையில ரெண்டை மட்டும் விட்டு, மேல பேக் வெச்சா போதாதா?

லேத்து_பட்டறை:
போதாது. ஆக்ஸில் முறுக்கிக்காம பிடிச்சிருக்கிறதே அந்தப் பட்டைக் கட்டுதான். ரெண்டை மட்டும் விட்டா கிளட்ச் விடும்போது ஆக்ஸில் முறுக்கி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிரும். பட்டையை முழுசா கழட்டி ஃபோர் லிங்க் (ஆக்ஸிலை பாடியோட பிடிக்கிற நாலு ராடு) போடுங்க, பக்கவாட்டுல நகராம இருக்க பேன்ஹார்ட் ராடு. வண்டி ஓடற உயரத்துல நிக்கும்போதே பினியன் கோணத்தை (புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆக்ஸில்ல சேர்ற கோணம்) பார்த்து பிராக்கெட்டை பாயிண்ட் வெல்டு வையுங்க. படுத்த நிலையில வெச்சு அளந்தா மொத்தமும் தப்பும்.

காத்து இல்லாம படுக்கும்போது எடை பம்ப் ஸ்டாப்ல (இடி தாங்கற ரப்பர் கட்டை) நிக்கணும், பேக் மேல இல்லை. முழு காத்துல பேக்கைச் சுத்தி 25 மிமீ இடைவெளி. பேக் வெடிக்கிறது பெரும்பாலும் எதையோ உரசித்தான். 19 லிட்டர் டேங்க் போதும். கம்ப்ரெஸருக்கு ரிலேயும் ஃபியூஸும் கட்டாயம். நம்ம ஊர் ஈரத்துக்கு டேங்க் அடியில டிரெய்ன் காக் (தண்ணி வடியவிடற குழாய்) வெச்சு வாரம் ஒருமுறை திறந்து விடுங்க, இல்லைன்னா தண்ணி வால்வுக்குள்ள போய் சிக்க வைக்கும்.

மூணாவது_கியர்:
சக்கரம் பற்றி ஒன்று. பத்மினியின் பழைய டயர் அளவு 5.20-14. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் லோரைடர்காரர்கள் தேடித்தேடிப் போட்டதும் இதே அளவுதான்! ஒல்லி டயர், சின்ன ரிம், அதுதான் அந்த நடைக்கு அழகு. 13க்கு 7 அங்குல (விட்டம் 13, அகலம் 7) வயர் வீல் வாங்கினால் டயர் 155/80 ஆர்13, நம் கடைகளிலேயே கிடைக்கும். பிரேக் டிரம் உள்ளே இடிக்காதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். நாக்-ஆஃப் அடாப்டர் (நடுவில் ஒரே நட்டால் வீலைப் பிடிக்கும் அமைப்பு) இடது, வலது தனித்தனி மரை. மாற்றி மாட்டினால் ஓட ஓடத் தானாகக் கழன்றுவிடும். முதல் 50 கிமீ ஓடியதும் மறுபடி இறுக்குங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. கலர் மாற்றினால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும். ஆகவே காமராஜர் சாலை கனவைத் தள்ளி வைத்துவிட்டு, தனியார் இடத்தில், கண்காட்சியில் ஓட்டுகிற வண்டியாகக் கட்டுங்கள். போகவர ஃப்ளாட்பெட். பழைய ஸ்பிரிங், பட்டை எதையும் புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளுக்குத் தள்ளாதீர்கள்.

பட்டியும்_பெயிண்டும்:
அக்டோபர் முதல் டிசம்பர் வரை கேண்டி அடிக்க வேண்டாம். ஈரக் காற்றில் பெயிண்ட் வெளுத்துப் பனி படிந்தது போல ஆகிவிடும்.

ரூஃபுக்கு முதலில் சில்வர் பேஸ், அதன் மேல் கிளியரில் கலந்த ஃப்ளேக். கன் நாசில் 1.8 மிமீக்குக் குறையக் கூடாது; கப்பை அடிக்கடி ஆட்டுங்கள், ஃப்ளேக் அடியில் தங்கிவிடும். பிறகு மூன்று நான்கு கோட் கிளியர், காய்ந்ததும் 600 தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து ஃப்ளேக் முனைகளை முழுசாக மூடுங்கள். கேண்டி அதற்கப்புறம்தான். கேண்டி என்பது கண்ணாடி போன்ற நிறம், ஒவ்வொரு கோட்டுக்கும் ஆழம் கூடும். கை வேகம் ஓரிடத்தில் குறைந்தாலும் அங்கே கருஞ்சிவப்புப் பட்டை விழும், பாலிஷில் போகாது. கதவு, பானெட், ஃபெண்டர் எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே கலவையில், ஒரே எண்ணிக்கை கோட்டில் அடியுங்கள். டூ-கே கிளியரில் (ஹார்டனர் கலந்து அடிப்பது) ஐசோசயனேட் என்ற நச்சு உண்டு; துணி மாஸ்க் போதாது, கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும்.

ஜிப்சி ரோஸ் என்ற புகழ்பெற்ற லோரைடர், 1964 இம்பாலாவைப் பார்த்திருப்பீர்கள், உடம்பெல்லாம் ரோஜா. நமக்கு அந்தக் கை வெளியில் தேட வேண்டியதில்லை. நாமக்கல், திருச்செங்கோடு லாரி பாடிகளில் பூவும் கோடும் இழுக்கிறவர்கள் பிரஷ்ஷைத் தூக்காமல் ஒரு முழம் கோடு போடுவார்கள். அவர்களைக் கூப்பிட்டு, கேண்டிக்கும் கடைசி கிளியருக்கும் நடுவில் வரையச் சொல்லுங்கள். அந்த எனாமல் மேல் டூ-கே கிளியர் சுருங்கக்கூடும், முதலில் ஒரு பழைய கதவில் அடித்துப் பாருங்கள்.