வெயில்ல தெரியுற மாதிரி, 15,000 ரூபாய்க்குள்ள ஒரு ஃபீல்டு மானிட்டர் (கேமரா மேல மாட்டுற தனித் திரை)?

காசிமேட்டு லென்ஸ்:
கேமரா சோனி இசட்வி-இ10. விடியக்காலைல துறைமுகத்துல மீன் ஏலம், வெயில் ஏறினதும் வலை பின்னுறது, ராத்திரி ராயபுரம் சந்துல கானா. காலைல எட்டு மணி தாண்டினா கேமரா திரையில ஃபோகஸ் இருக்கா இல்லையான்னே தெரியல. எஸ்-லாக்3ல (அப்புறம் கலர் திருத்த வசதியா, வெளிறின படமா பதியுற முறை) தான் எடுக்குறேன். 5 இன்ச்சா, 7 இன்ச்சா? "4கே சப்போர்ட்"னு போட்டிருந்தா நம்பி வாங்கலாமா?

பிக்சல் மேஸ்திரி:
அந்த "4கே"க்கு, 4கே சிக்னல் வந்தா வாங்கிக்கும்னு மட்டும் தான் அர்த்தம். பேனலோட சொந்த ரெசல்யூஷன் என்னன்னு பாருங்க. விலை கம்மியான சிலதுல வெறும் 800×480. உங்க கேமரா திரையே 9,21,600 டாட், ஒரு பிக்சலுக்கு மூணு டாட்னு கணக்கு வெச்சா 640×480. அந்த மாதிரி ஒண்ண வாங்கினா படம் பெருசாகும், தெளிவு அதிகமாகாது. பீக்கிங்கும் (ஃபோகஸ் ஆன ஓரத்துல கலர் கோடு போடுற வசதி) ஃபோகஸ் இல்லாத இடத்துல கோடு போட்டு ஏமாத்தும். 1920×1080க்குக் கீழ வேண்டவே வேண்டாம்.

அடுத்தது நிட்ஸ், அதாவது திரையோட வெளிச்ச அளவு. 500 நிட்ஸ் நிழலுக்கும் ராத்திரிக்கும் போதும். மீன் தட்டுல பட்டுத் தெறிக்கிற வெயில்ல, ஹூட் (வெயில மறைக்கிற மறைப்பு) மாட்டினா கூட திணறும். 1000 நிட்ஸும் ஒரு ஹூடும் இருந்தா சமாளிக்கலாம். 2000க்கு மேல போனா ஹூட் வேணாம், ஆனா பேட்டரிய குடிச்சிடும், சிலதுல ஃபேன் வேற ஓடும். கேமரா மைக்ல அந்தச் சத்தம் விழும்.

அளவு 5 இல்ல 5.5 இன்ச். கூட்டத்துல ஹாட்-ஷூ (கேமரா தலைல இருக்குற மாட்டி) மேல 7 இன்ச் வெச்சா சும்மா இடிபடும், பால்-ஹெட்டும் (எல்லாப் பக்கமும் திரும்புற உருண்டைத் தாங்கி) நழுவும். டில்ட் ஆர்ம்ல முன்னும் பின்னும் மட்டும் சாயுற மாதிரி வாங்குங்க.

வண்ணாரப்பேட்டை வயர்மேன்:
மானிட்டர விட வயர் தான் முதல்ல சாகும். உங்க கேமரால படம் வெளிய வர்ற போர்ட் மைக்ரோ எச்டிஎம்ஐ. பிளக் சின்னது, ஒரு இழுப்புக்கு போர்டோட பேர்ந்து வரும். 30 செ.மீ. மெல்லிசு வயர் போதும். கேமரா பக்கத்துல கிளாம்போ கேபிள் டையோ போட்டு இறுக்குங்க, இழுப்பு போர்ட்டுக்குப் போகக் கூடாது. எல் வடிவ பிளக்னா எந்தப் பக்கம் திரும்புதுன்னு பார்த்து வாங்கணும். ஹார்பர்ல வேலை முடிஞ்சதும் போர்ட்டோட மூடிய மூடிடுங்க, உப்புக்காத்து பின்னை அரிச்சிடும்.

மானிட்டருக்கு பேட்டரி என்பி-எஃப் வகை; அதுல எஃப்550 சின்னது, எஃப்970 பெருசு. மானிட்டர் 10 வாட் இழுத்தா எஃப்550 ஒன்றரை மணி நேரம், எஃப்970 நாலு நாலரை மணி நேரம் தாங்கும். பர்மா பஜார்ல டூப்ளிகேட் வாங்கினா ஸ்டிக்கர்ல இருக்குற எண்ண விட்டுட்டு எடைய பாருங்க. எஃப்970க்குள்ள 6 செல், ஒண்ணு சுமார் 45 கிராம். மொத்தம் 270 கிராமுக்குக் கீழ இருந்தா உள்ள செல் குறையுது. பக்கத்துக் கடை தராசே போதும்.

காசிமேட்டு லென்ஸ்:
சூப்பர்ணே. ஃபோனையே மானிட்டரா மாத்தலாம்னு சொல்றாங்களே?

பிக்சல் மேஸ்திரி:
முடியும். எச்டிஎம்ஐ கேப்சர் டாங்கிள் (கேமரா படத்த யூஎஸ்பிக்கு மாத்துற சின்னக் கருவி), அத ஃபோன்ல சொருக ஓடிஜி வயர், யூவிசி (யூஎஸ்பி கேமரா) படத்த காட்டுற ஒரு ஆப், அவ்ளோதான். நல்ல ஃபோன் திரை வெயில்லயும் தெரியும். ஆனா படம் கொஞ்சம் தாமதமா வரும். ட்ரைபாடுல நின்னு எடுக்குற கானாவுக்கு ஓகே. கூடையத் தூக்கிட்டு ஓடுறவர கையில கேமராவோட துரத்தினா ஃப்ரேம் தப்பிடும். வெயில்ல ஃபோன் சூடானா வெளிச்சத்தையும் தானா குறைச்சிடும், உங்க பிரச்சனையே திரும்ப வரும்.

எது வாங்கினாலும் கேமரா மெனுல எச்டிஎம்ஐ இன்ஃபோ டிஸ்ப்ளேய ஆஃப் பண்ணுங்க, மானிட்டர்ல எழுத்தெல்லாம் மறையும். ரெக்கார்டு அழுத்தினதும் திரை ஒரு நொடி கறுத்தா பதறாதீங்க, சிக்னல் மாறுது.

எஸ்-லாக்3ல சரியான எக்ஸ்போஷர்னா, வெளிச்ச அளவுல நடுச்சாம்பல் 41 சதவீதம், வெள்ளை 61. மலிவு மானிட்டர்ல ஃபால்ஸ் கலர் (வெளிச்ச அளவ கலர் கலரா காட்டுற வசதி) பெரும்பாலும் ரெக்709 (சாதாரண டிவி படம்) கணக்கு, அதனால சரியான எக்ஸ்போஷர்லயே வெள்ளை இடத்த இருட்டுன்னு காட்டும். அதை நம்பி எக்ஸ்போஷர ஏத்திடாதீங்க. வேவ்ஃபார்ம் (வெளிச்ச அளவ வரைபடமா காட்டுறது) இருக்குற மாடலா எடுங்க. மானிட்டர்ல லட் (கலர மாத்திக் காட்டுற ஃபைல்) ஏத்துனா அது திரைக்கு மட்டும் தான், கார்டுல வெளிறின படம் தான் பதிவாகும்.