ஏழாம் மாதம், ஈறில் ரத்தக்கட்டி: பிரசவம் வரை விட்டுவைக்கலாமா?

காவிரிக்கரை:
மேல் வரிசையில் முன்பல் இரண்டுக்கும் நடுவில், ஈறு நுனியில் செக்கச்செவேல் என்று ஒரு சதை வளர்ந்திருக்கிறது. போன மாதம் கடுகு அளவுதான், இப்போது பட்டாணி அளவு. வலியே இல்லை. ஆனால் பிரஷ் பட்டாலே ரத்தம் வருகிறது, காலையில் தலையணை உறையிலும் கறை. புற்றுநோயோ என்று தூக்கமே பிடிப்பதில்லை. அத்தை படிகாரம் வைத்துத் தேய்க்கச் சொல்கிறார். இங்கே பல் கிளினிக்கிலோ, குழந்தை பிறக்கும்வரை பல்லில் கையே வைக்க மாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

ரெட்டைவால்களின் அம்மா:
பயப்படாதேம்மா. இரண்டாவது பிரசவத்தில் எனக்கும் இதேதான். பிள்ளைக்குத் தலை நிற்பதற்குள் தானாகச் சுருங்கிப் போனது. ரத்தத்துக்குப் பயந்து அந்த இடத்தில் பல் தேய்க்காமல் விட்டுவிடாதே.

ஈறு மருத்துவர்:
நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கர்ப்பகாலத்தில் வரும் எபுலிஸ், அதாவது ஈறில் வளரும் சதைக்கட்டி மாதிரிதான் தெரிகிறது. பயாஜெனிக் கிரானுலோமா என்று ரிப்போர்ட்டில் எழுதுவோம். இது புற்றுநோய் அல்ல. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் ஏறியிருக்கும்போது சின்ன உறுத்தலுக்கே ஈறு பொங்கிவிடும். அந்த உறுத்தல் பெரும்பாலும் பல்லிடுக்கில் படிந்த காரை. கட்டிக்குள் முழுக்கப் புது ரத்தக்குழாய்கள், அதுதான் தொட்டாலே ரத்தம்.

கர்ப்பிணியின் பல்லில் கை வைக்கக் கூடாது என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். காரையை எடுக்காமல் விட்டால் கட்டிக்குத் தீனி போட்ட மாதிரி. ஏழாம் மாதத்திலும் தாராளமாகக் கிளீனிங் செய்யலாம். மல்லாந்து படுக்காமல் வலது இடுப்புக்கு அடியில் சின்னத் தலையணை வைத்து இடப்பக்கம் சாய்ந்துகொள்ளுங்கள். வெட்டுவது வேறு விஷயம். இப்போது வெட்டினால் மறுபடி வளர வாய்ப்பு அதிகம். சாப்பிட முடியாமல் போனாலோ, ரத்தம் அடிக்கடி கொட்டினாலோதான் எடுப்போம்.

பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களாகியும் சுருங்காமல் கெட்டியாக நின்றால் எடுத்து பயாப்சிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்ப வேண்டும். பெரிஃபெரல் ஆசிஃபையிங் ஃபைப்ரோமா என்று ஈறில் வரும் இன்னொரு வகைக் கட்டியும் (அதுவும் புற்றுநோய் அல்ல) வெளியே இப்படியேதான் இருக்கும், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அதை அடிவரை சுரண்டி எடுக்காவிட்டால் திரும்ப முளைக்கும். இடையில் பல் ஆடினாலோ, உதடு மரத்தாலோ, கட்டி வேகமாகப் பெருத்தாலோ பிரசவம் வரை காத்திருக்க வேண்டாம்.

படிகாரம், கிராம்பு எண்ணெய் இரண்டும் வேண்டாம், ஈறு புண்ணாகும். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை நனைத்து மடித்து, பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

காவிரிக்கரை:
ரொம்ப நன்றி டாக்டர், மூச்சு வந்தது. வேறு கிளினிக்கில் கிளீனிங் செய்கிறோம் என்கிறார்கள், மகப்பேறு டாக்டரிடம் சீட்டு வாங்கி வரச் சொன்னார்கள்.

ஈறு மருத்துவர்:
நல்லது, வாங்கிக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். வலி மாத்திரை தந்தால் பாராசிட்டமால் போதும், ஐபுப்ரோஃபென் இந்த மாதத்தில் கூடாது.