கலைச்சொல் விவாதம்: ‘டீலாமினேஷன்’ – ஏடா, தொலியா, பற்றா?

மொழிபெயர்ப்பாளர்:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய பாய்மரப் படகுகளின் உட்புற மரப்பலகைகளைச் செப்பனிடும் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ‘டீலாமினேஷன்’ என்ற சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன். ப்ளைவுட்டின் மேல் ஒட்டிய தேக்கு வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு, நீர் இறங்கிக் கொப்புளமாக எழுந்து, விளிம்பில் உரிந்து வருவதுதான் இது. முதல் வரைவில் ‘சிதைவு’ என்று போட்டேன். இரண்டு பக்கம் தள்ளி ‘ராட்’ வந்தது. பூஞ்சை பிடித்து மரமே பொடியாவது. அதற்கும் ‘சிதைவு’ என்றே எழுதியிருக்கிறேன். முன்னதற்குப் பசை ஏற்றி அழுத்தினால் போதும், பின்னதை வெட்டி எடுத்தாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் நின்றால் படிப்பவர் பொடியாகும் மரத்துக்குப் பசை ஏற்றிவிடுவார். உதவுங்கள்.

தமிழாசிரியர்:

இரண்டாவதை முதலில் முடிப்போம். தமிழில் மரம் கெடுவதற்கு ஒரு சொல் இல்லை, பல உண்டு. புழு துளைத்தால் உளுத்தது. கறையான் தின்றால் செல்லரித்தது. ஈரத்தில் கிடந்து கெட்டால் மக்கியது. காரணம் எதுவாயினும் வலு போனால் இற்றது. பூஞ்சையால் வருவதற்கு ‘மக்கல்’ பொருந்தும். ‘அழுகல்’ காய்கனிக்கும் புண்ணுக்கும் உரியது, மரத்துக்கு வேண்டாம்.

நீரால் வரும் கேடு அனைத்துக்கும் பொதுப்பெயராக ‘ஓதப்பழுது’ என்று சொல்லலாம். ஓதம் என்றால் ஈரம். கடல், அலை, வெள்ளம் என்றும் பொருள். சுவரில் ஏறும் ஈரத்தை இன்றும் ஓதம் என்கிறோம். ஈரத்துக்கும் கடலுக்கும் ஒரே சொல்லாக இருப்பது படகுக்கென்றே அமைந்ததுபோல் இல்லையா?

படகுத் தச்சர்:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் படகுக்கு அதுதான் ஆபத்து. உள்பலகையைக் கெடுப்பது பெரும்பாலும் கடல்நீர் இல்லை, மழைநீர். உப்பு ஊறிய மரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் தளத்தோடு சேரும் இடம், சன்னல் சட்டத்தின் கீழ் மூலை, இங்கெல்லாம் அடைப்பு வறண்டு வெடித்து, மழை சொட்டுச் சொட்டாக இறங்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். ‘ஓதம்’ என்று படித்தவர் கடல்நீர் எங்கே புகுந்தது என்று அடிப்பக்கத்தைத் தேடிக்கொண்டிருப்பார். ஒழுக்கு தலைக்கு மேலே இருக்கும்.

இன்னொன்று. வரைவில் ‘சீலிங்’ என்பதை மேற்கூரை என்று எழுதியிருக்கிறீர்கள். படகில் சீலிங் என்பது கூரை அல்ல, பக்கவாட்டில் உடலின் உட்புறத்தை மூடி வரும் பலகை வரிசை.

மொழிபெயர்ப்பாளர்:

நல்லவேளை சொன்னீர்கள். பதினொரு இடத்தில் திருத்த வேண்டும்.

தமிழாசிரியர்:

கப்பலின் விலாச்சட்டத்துக்கு ‘வங்கு’ என்ற சொல் அகராதியில் உண்டு. வங்கின் மேல் அறைவதால் ‘வங்குப்பலகை’.

அகராதி ஆர்வலர்:

வங்கு என்றால் பொந்து என்றும் பொருள், ஐயா. பலருக்கு அதுதான் தெரியும். ‘பக்க உட்பலகை’ போதும்.

டீலாமினேஷனுக்கு வருகிறேன். வெனீர் ‘மர ஏடு’ என்றால், அது கழல்வது ‘ஏட்டுப்பிரிவு’.

தமிழாசிரியர்:

இங்கேதான் புணர்ச்சி பொருளை மாற்றுகிறது. வேற்றுமையில் ட, ற ஒற்று இரட்டும் என்பது நன்னூல். ஏட்டுப்பிரிவு என்றால் ஏட்டினது பிரிவு. புத்தகத்தின் ஒரு பகுதி என்றே யாரும் படிப்பார்கள். நாம் சொல்ல வருவது ஏடு பிரிகிறது என்பதை. அது எழுவாய்த் தொடர், இரட்டக் கூடாது. ‘ஏடு பிரிதல்’ என்று வினைப்பெயராக நிறுத்துங்கள்.

அகராதி ஆர்வலர்:

ஏற்கிறேன். ஆனாலும் ஒற்றைச் சொல்லாக இருந்தால் நன்று. தோல், தோடு, தொலி மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். தோடு என்றால் பூவிதழ், பனையோலை. காதணிக்குத் தோடு என்று பெயர் வந்தது ஓலையைச் சுருட்டிக் காதில் அணிந்ததால். தொலி என்றால் தோல், தொலித்தல் என்றால் உமியை நீக்குதல். மெல்லிய மேலுறை, அது கழல்வது, இரண்டும் ஒரே குடும்பத்தில் கிடைக்கின்றன. எனவே வெனீர் ‘மரத்தோடு’, டீலாமினேஷன் ‘தொலிவு’.

படகுத் தச்சர்:

‘மரத்தோடு’ என்று எழுதினால் ‘மரத்துடன்’ என்றுதான் படிப்பேன். ‘மரத்தோடு ஒட்டவும்’ என்றால் எதை எதோடு ஒட்டுவது? ‘தொலிவு’ காதில் தொலைவு என்று விழுகிறது. பட்டறையில் ‘பசை விட்டுருச்சு’ என்போம், எல்லோருக்கும் புரியும்.

தமிழாசிரியர்:

பசை விடுதலைச் சற்று உயர்த்தினால் ‘பற்றுவிடல்’. கலப்பற்று என்று கப்பற் பலகையின் இடுக்கை அடைப்பதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது.

அகராதி ஆர்வலர்:

கலப்பற்று போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தது என்பர். அதில் நம் ‘பற்று’ இருப்பதாகக் கொள்ள முடியாது. தவிர, பற்றுவிடல் என்றதும் துறவறம்தான் நினைவுக்கு வரும்.

தொழிற்பயிற்சி ஆசிரியை:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் மாணவர்கள் வெனீர், ப்ளைவுட், ஒட்டும் பசைக்கு எபாக்சி என்றே சொல்லி வளர்ந்தவர்கள். கடையில் கேட்கும்போதும் அதே சொல்தான். பொருளின் பெயரை விட்டுவிடுங்கள், தமிழ் எழுத்தில் இருந்தால் போதும். வடசொல்லுக்குத் தொல்காப்பியர் காட்டிய வழியும் அதுதானே. நிகழ்வின் பெயர் தமிழில் இருக்கட்டும். பார்க்கிறதைச் சொல்லும் சொல்லாக இருந்தால் மாணவர் கை தவறாது.

தமிழாசிரியர்:

அம்மா, இன்று பொருளின் பெயரை விட்டால் நாளை வினையும் போகும். எபாக்சிக்கே நம்மிடம் சொல் உண்டு. பரிபாடலின் பத்தாம் பாட்டில் “சிதையுங் கலத்தைப் பயினால் திருத்தி” என்று வருகிறது. பழுதான மரக்கலத்தைப் பிசின் கொண்டு செப்பனிடும் மாலுமியை அந்த வரி காட்டுகிறது. இந்தக் கையேடு சொல்லும் வேலையும் அதுவே. ‘பயின்’ இருக்கும்போது எதற்குக் கடன்?

படகுத் தச்சர்:

அந்த வரியை இன்றுதான் அறிகிறேன், ஐயா. படித்துவிட்டுச் சற்று நேரம் வேலையே ஓடவில்லை. ஆனால் பயின் என்றால் மரப்பிசின். எபாக்சி இரண்டு புட்டியைச் சொன்ன அளவில் கலந்தால்தான் இறுகும்; அளவு தவறினால் பிசுபிசுவென்றே கிடக்கும். பிசின் என்று நினைப்பவர் அந்தக் கவனத்தைக் கொடுக்க மாட்டார்.

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு யோசனை. சொல் எதுவானாலும் பக்கத்தில் சோதனையையும் எழுதுங்கள். திருப்புளியின் பிடியால் பலகையைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் ‘டக்’கென்று கெட்டியாகச் சொல்லும். பசை விட்ட இடம் பொள்ளலாக ஒலிக்கும். மக்கிய இடம் ‘தொப்’பென்று அமுங்கும், கூர்முனையை வைத்தால் தானாக உள்ளே இறங்கும். பொள்ளலான இடத்தை நன்றாக உலரவிட்டு, ரேகை வாக்கில் பிளேடால் கீறி, ஊசியால் பசை ஏற்றி, மெழுகுத்தாள் வைத்து, மேலே பலகை கொடுத்துக் கிளாம்ப் போட வேண்டும். உப்புத்தாளை அழுத்தித் தேய்க்கக் கூடாது. பழைய படகில் வெனீர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, நாலு இழுப்பில் அடிப்பலகை தெரிந்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. நாளை வெள்ளி. ‘ஏடு பிரிதல்’, ‘மக்கல்’, ‘பக்க உட்பலகை’ மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். வெனீர், எபாக்சி அப்படியே நிற்கும். வெனீர் முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘மர ஏடாகிய வெனீர்’ என்று எழுதி, ஏடு எது என்று காட்டிவிடுகிறேன். தட்டிப் பார்க்கும் சோதனை ‘மக்கல்’ பகுதிக்கு முன்னால் போகிறது.

அகராதி ஆர்வலர்:

சரி. ‘தொலிவு’ என் குறிப்பேட்டில் இருக்கட்டும்.

தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. எபாக்சி என்பது ஒரு வகை. பயின் என்பது இனப்பெயர். ‘எபாக்சிப் பயின்’ என்று எழுதினால் இரண்டு புட்டியும் புரியும், பரிபாடலும் நிற்கும். அச்சுக்குப் போகுமுன் இதை மட்டும் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள்.