பழைய வால்வு ரேடியோ செட் உங்கள் கைக்கு வந்த கதை: இங்கே எழுதுங்கள்

போன வருடம் எனக்கு ஒரு பிசி-348 ரிசீவர் கிடைத்தது. அந்தக் கதையோடு நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

இரண்டாம் உலகப்போரில் பி-17, பி-24 போன்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் ரேடியோ ஆபரேட்டரின் முன்னால் இருந்த பெட்டி இது. போர் முடிந்ததும் உபரியாக விற்றார்கள். கடையில் புது ரிசீவர் வாங்க வசதியில்லாத எத்தனையோ ஹாம்களின் (லைசென்ஸ் வாங்கி, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்கள்) மேசைக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

என்னிடம் இருப்பது காலமான ஒரு மூத்த ஹாமுடையது. இறந்துபோன ஹாமை 'சைலண்ட் கீ' என்று சொல்வோம், அவருடைய மோர்ஸ் சாவி ஓய்ந்துவிட்டது என்ற பொருளில். அவருடைய மனைவி பரணைக் காட்டி, "பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்டார். கொடுக்க மனசு வரலை தம்பி. உங்களுக்கு ஆகுமான்னு பாருங்க" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே பிளக்கைச் சொருகிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. நல்லவேளை, செய்யவில்லை. வருடக்கணக்கில் கரண்ட் பார்க்காத எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சருக்குள் இருக்கும் ஆக்சைடு படலம் கெட்டுப்போயிருக்கும். திடீரென்று 250 வோல்ட் ஏறினால் ஷார்ட் ஆகி, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வையும் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். வால்வு தேடினால் கிடைக்கும். அந்த அளவு டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றித் தர இன்று ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால் ரெக்டிஃபையரைக் கழற்றி வைத்துவிட்டு, 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு சுவிட்சைத் தட்டினேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுக்கும். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கியது. டிரான்ஸ்ஃபார்மர் நல்லபடியாக இருந்தது.

அப்புறம்தான் உள்ளே நிதானமாகப் பார்த்தேன். விமானத்தில் இந்த செட்டுக்கு வந்தது 28 வோல்ட் டிசி. உள்ளேயே டைனமோட்டார் என்று ஒரு சின்ன சுழலும் இயந்திரம் உட்கார்ந்து, அதிலிருந்து வால்வுகளுக்கு வேண்டிய உயர் வோல்டேஜை (எச்.டி.) தயாரிக்கும். வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர்களும் 28 வோல்ட்டுக்கு ஏற்றபடி தொடராகக் கோக்கப்பட்டிருக்கும். பெரியவர் டைனமோட்டாரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தானே ஒரு பவர் சப்ளை கட்டியிருந்தார். ஹீட்டர்களை எல்லாம் பிரித்து, 6.3 வோல்ட்டுக்கு இணையாக மாற்றியிருந்தார். ஒரு இடத்தில்கூட ஈயம் வழியவில்லை. தகட்டில் பென்சிலால் வயர் நிறங்களை வரிசையாக எழுதி, கீழே "சிவப்பு எச்.டி., தொடாதே" என்று இருந்தது. யாருக்காக எழுதினாரோ, அன்று அதைப் படித்தது நான்.

நண்பர்கள் சிலர், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ராணுவ செட்டாகவே மாற்றச் சொன்னார்கள். எனக்கு உடன்பாடில்லை. விமானத்துக்காகச் செய்த பெட்டிதான், ஆனால் அவர் மேசையில் இருந்தது முப்பது வருடங்களுக்கு மேல். அந்தப் பென்சில் எழுத்தை அழித்துவிட்டு எதை மீட்கப் போகிறேன்? கெட்ட கண்டன்சர்களை மட்டும் மாற்றினேன். பழைய டப்பாக்கள் அப்படியே நிற்கின்றன, புதியவை அவற்றுக்கு அடியில் மறைந்திருக்கின்றன.

டியூனிங் சரி செய்வதற்குத்தான் நிறைய நாள் ஆனது. 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப். (செட்டுக்குள் சிக்னல் மாற்றப்படும் இடைநிலை அதிர்வெண்) பார்த்துப் பழகியவர்கள் கவனிக்க, இதில் 915. எல்லாம் முடிந்து ஒரு ஞாயிறு காலை நாலாவது பேண்டில் 7 மெகாஹெர்ட்ஸுக்கு வந்தேன். மோர்ஸுக்கும் ஏ.எம்.முக்கும் பிறந்த செட் இது, கேரியர் அலை இல்லாமல் வரும் இன்றைய எஸ்.எஸ்.பி. குரல் அதில் நேராகப் புரியாது. ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் ஏ.வி.சி.யிலிருந்து கையால் சரிசெய்யும் எம்.வி.சி.க்கு மாற்றி, அந்த அலையை உள்ளேயே உண்டாக்கும் 'சி.டபிள்யூ. ஆசிலேட்டர்' சுவிட்சைப் போட்டு, குமிழை மயிரிழை அளவுக்குத் திருக, வாத்து கத்துவது போலிருந்த சத்தம் மெல்ல மனிதக் குரலானது. யாரோ ஒருவர் தன் ஊரில் மழை பெய்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் நகரவில்லை நான்.

*

நெல்லையிலிருந்து:

என்னிடம் இருப்பது ஹாம் செட் இல்லை, தாத்தாவின் வீட்டு ரேடியோ. ஆனால் என்னை ஹாம் ஆக்கியது அதுதான். இலங்கை வானொலி கேட்ட பெட்டியில், பத்தாம் வகுப்பு விடுமுறையில் மோர்ஸைக் காதில் விழச்செய்யும் ஒரு பி.எஃப்.ஓ. சர்க்யூட் கட்டிச் சேர்த்து மோர்ஸ் கேட்க ஆரம்பித்தேன்.

ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அது ஏசி/டிசி செட். யூசிஎச்42, யூஎஃப்41, யூபிசி41, யூஎல்41, யூஒய்41 என்று ஐந்து வால்வுகள், ஐந்து ஹீட்டரும் தொடரில். கூட்டினால் 116.6 வோல்ட்தான் வரும், மிச்சத்தை ஒரு ரெசிஸ்டர் சூடாகத் தின்னும். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேசி (உள்ளே இருக்கும் உலோகத் தட்டு) முழுக்க ஃபேஸ். குமிழ் உடைந்து வெறும் தண்டு நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் கை வைத்து, சுவரில் போய் மோதினேன். தாத்தா அந்தப் பெட்டியைத் தொடவிடாததன் காரணம் அன்று புரிந்தது. பழைய செட் வாங்குகிறவர்கள் முதலில் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், மெயின்ஸிலிருந்து செட்டைப் பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மேசையில் வைக்காதீர்கள்.

*

சென்னையிலிருந்து, வயது 74:

எங்கள் காலத்தில் டிரான்ஸ்மிட்டர் என்றால் 807 வால்வு. மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்குவோம். 1985இல் அந்த மார்க்கெட் எரிந்துபோனபோது எனக்குச் சொந்த வீடு போன மாதிரி இருந்தது.

நான் கட்டிய 807 செட் இன்னும் வீட்டில் இருக்கிறது. தலையில் தொப்பி மாதிரி இருக்கும் அந்த ஆனோடில் 600 வோல்ட். லைசென்ஸ் கையில் இருந்தால்தான் இப்படி ஒரு டிரான்ஸ்மிட்டரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், அதை இளைஞர்கள் மறக்க வேண்டாம். ரிசீவரைப் போல இதை யார் வீட்டிலிருந்தும் சும்மா தூக்கிவர முடியாது.

பிசி-348 எழுதிய தம்பிக்கு: பென்சில் எழுத்தின் மேல் வார்னிஷ் எதுவும் பூசிவிடாதீர்கள், கலைந்துவிடும். மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டாமல் பொருத்துங்கள். அவர் இருந்திருந்தால் அந்த செட்டில் உங்கள் குரலைக் கேட்டிருப்பார்.

*

கோவையிலிருந்து:

டைனமோட்டார் விஷயத்தில் நான் மாறுபடுகிறேன். அசல் வயரிங்கோடு இருக்கும் பிசி-348 குறைந்துகொண்டே வருகிறது. ஒன்றாவது அப்படியே இருக்க வேண்டாமா?

*

ஆரம்பித்தவர்:

ஐயா, பிளாஸ்டிக் தாள் யோசனைக்கு மிக்க நன்றி. இன்று மாலையே செய்துவிடுகிறேன்.

கோவை நண்பருக்கு: அசலாக இருப்பதை யாரும் கலைக்கக் கூடாது, அதில் உங்கள் பக்கம்தான் நான். இது ஏற்கெனவே ஒருவர் கை பட்டது. அவருடைய வேலையும் இப்போது பழசுதான், அதையும் காப்பாற்றலாம் என்று நினைக்கிறேன்.

ஒரு உதவி வேண்டும். ஆறாவது பேண்ட், 13.5 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரை, இன்னும் ஊமையாக இருக்கிறது. மற்ற ஐந்தும் வேலை செய்வதால் ஆசிலேட்டர் வால்வின் மேல் சந்தேகம் குறைவு. பேண்ட் சுவிட்சின் ஒரு வேஃபரில் (காண்டாக்டுகள் பதிந்த வட்டத் தகடு) காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது. உடைந்த பிசி-348 யாரிடமாவது கிடந்தால், அந்த வேஃபரும் அடியில் மாட்டும் எஃப்டி-154 ஸ்டாண்டும் எனக்கு வேண்டும். விலை நீங்களே சொல்லுங்கள், நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.