ரப்பர் பிடிக்கு அடியில் வேறு நம்பர்: உங்களுக்கும் நடந்ததா?

வெள்ளவத்தைக்காரன்:
2024 நவம்பரில் இலங்கையில் தற்காப்புத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார்களே, அப்போது நடந்தது, இன்னும் மனதை அரிக்கிறது. அப்பாவின் ஸ்மித் அன்ட் வெசன், ஐந்து ரவை போடுகிற சின்ன ரிவோல்வர். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது ஜே.வி.பி. பிரச்சினையில் தோட்டத்துரையாக இருந்தபோது பழசாக வாங்கினது, அவர் போனபிறகு லைசன்ஸ் என் பெயருக்கு வந்தது. லைசன்ஸில் மொடல் 36 என்றும் ஐந்து இலக்கத்தில் ஒரு நம்பரும். மேசையில் இருந்த தம்பி சிலிண்டரைத் திறந்து அது மடங்குகிற மூலைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "36-1 என்று இருக்கிறதே, இங்கே வெறும் 36 தானே" என்றார். அதுவே வயிற்றைக் கலக்கிவிட்டது. நம்பர் மட்டும் ஒத்துப்போனது. அப்புறம் உள்ளேயிருந்து வந்த பெரியவர் ஸ்க்ரூ டிரைவர் வாங்கி கறுப்பு ரப்பர் பிடியைக் கழற்றினார். பிடியின் அடியில், துருவுக்கு நடுவே, ஆறு இலக்கத்தில் முற்றிலும் வேறு நம்பர். அவர் ஒன்றும் பேசவில்லை, கண்ணாடிக்கு மேலால் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைதான். இத்தனை வருஷமாக நான் யாருடைய துப்பாக்கிக்குக் கையெழுத்துப் போட்டேன்?

கொட்டாஞ்சேனை குமார்:
உங்கள் துப்பாக்கிக்குத்தான் அண்ணே, பயப்படாதீர்கள். மூலைக்குள் இருப்பது தொழிற்சாலையில் பாகங்கள் சோடி மாறாமல் இருக்க அடித்த நம்பர். துப்பாக்கியின் சொந்த நம்பர் பிடிக்கு அடியில்தான். முதல் லைசன்ஸ் எழுதினவர் ரப்பரைக் கழற்றப் பஞ்சிப்பட்டு கண்ணில் பட்டதை எழுதியிருப்பார். 36-1 என்பது மூன்று அங்குலத் தடித்த குழல், வேறொன்றும் இல்லை.

எங்கள் மாமாவுடையதும் ஸ்மித்தான், மொடல் 642, லைசன்ஸ் தாளில் இருந்தது 640. செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருப்பவர், பவுணுக்குப் புள்ளி கணக்குப் பார்க்கிற மனுஷன், இதை மட்டும் ஒரு இலக்கம்தானே என்று விட்டுவிட்டார். இரண்டிலும் ஹேமர், அதாவது ரவையை வெடிக்க அடிக்கிற சுத்தி, உள்ளே மறைந்திருக்கும், இரண்டும் வெள்ளி நிறம், படத்தில் அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் 640 முழுக்க உருக்கு, 642இன் உடல் அலுமினியக் கலவை. சொன்னால் நம்பவில்லை. ஒருநாள் கடை பூட்டினபிறகு ரவைகளை எடுத்து வைத்துவிட்டு அதைத் தங்கத் தராசில் ஏற்றினார். 424 கிராம். பவுணுக்கு எட்டு கிராம் அல்லவா, "ஐம்பத்து மூன்று பவுண்" என்று தன்னால் வாயில் வந்துவிட்டது அவருக்கு! 640 என்றால் 600 கிராமை ஒட்டி வந்திருக்கும். அன்றைக்குத்தான் தாளைத் திருத்தப் போனார். முதல் இலக்கம் 6 என்றால் ஸ்டெயின்லெஸ், இது தெரிந்தால் போதும்.

பழைய சார்ஜன்ட்:
போதாது தம்பி. உடல் அலுமினியம் என்று நீரே சொல்லிவிட்டு அடுத்த வரியில் ஸ்டெயின்லெஸ் என்கிறீர். 642இல் சிலிண்டரும் குழலும்தான் ஸ்டெயின்லெஸ்.

எனக்கு நடந்தது சின்ன விஷயம். பழைய பிரிட்டிஷ் என்ஃபீல்ட் ரிவோல்வர் ஒன்று, பதிவில் வெறும் .38 என்று மட்டும். புதுப் பொடியன் .38 ஸ்பெஷல் ரவைப் பெட்டியைக் கொண்டுவந்து ஒன்றைப் போட்டான், பாதியில் நின்றுவிட்டது, அதைக் கட்டைவிரலால் அமுக்குகிறான்! கையைத் தட்டிவிட்டேன். என்ஃபீல்டுக்கு வேண்டியது அதைவிடக் குட்டை, கொஞ்சம் பருமன். உடம்பில் மார்க் ஒன்று என்று எழுதிப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் குத்தியிருந்தது, அதையும் ஒருவரும் பதியவில்லை. நட்சத்திரம் இருந்தால் ஹேமருக்குக் கட்டைவிரலால் இழுக்கிற வால் இல்லை, டாங்கிக்குள் இருப்பவர்களுக்கு மாட்டிக்கொள்ளாமல் இருக்கச் செய்தது.

இப்போது ஸ்மித்துக்கு வருவோம். 1950இல் வந்தபோது அதற்கு சீஃப்ஸ் ஸ்பெஷல் என்ற பெயர்தான், 36 என்ற இலக்கம் 1957இல் போட்டது. ஆகவே அதற்கு முந்தினதில் மொடல் இலக்கத்தைத் தேடிக் கண்ணைக் கெடுக்காதீர்கள். முதல் இலக்கத்தை விட்டுக் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 37க்கு ஹேமர் வெளியே தெரியும், 637க்கும் அப்படியே. 38க்கு முதுகு கூனி ஹேமரின் நுனி மட்டும் எட்டிப் பார்க்கும், 638க்கும் அதே கூன். 42 முழுக்க மூடினது, 642உம் மூடினது. 442 அந்த 642தான், கறுப்புச் சட்டை. 60 இந்தக் கணக்கில் வராது, அது 1965இல் வந்த முதல் ஸ்டெயின்லெஸ் ரிவோல்வர், உம்முடைய 6 அதில் தற்செயலாகப் பொருந்துகிறது. மொடல் இலக்கத்தில் கோட்டுக்குப் பின்னால் வருகிற எண் பெரும்பாலும் ஏதோ திருத்தம் செய்ததைக் காட்டும், எண் கூடினால் பிந்தினது. ஆனால் 36உம் 36-1உம் ஒரே காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் விற்றவை, குழல்தான் வித்தியாசம். எழுதும்போது கோட்டையும் பின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். பிடியைக் கழற்றிப் படம் எடுத்து வையுங்கள். அதற்கு முன்னால் சிலிண்டரைத் திறந்து ஐந்து குழியும் காலியா என்று விரலை விட்டுப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

மைதிலி, தெஹிவளை:
ஐயா பாடமே எடுத்துவிட்டார் 😀 வெள்ளவத்தை அண்ணா, அடி நம்பருக்கு முன்னால் ஜே என்ற எழுத்து இருந்ததா? 1969இல் இருந்து இந்தச் சின்ன வகைக்கு ஜே போட ஆரம்பித்தார்கள். எங்கள் பெரியப்பாவின் லைசன்ஸில் அந்த எழுத்தை விட்டுவிட்டு எழுதி, அதற்காக மூன்று தடவை அலையவிட்டார்கள்.

வெள்ளவத்தைக்காரன்:
ஜே இல்லை, வெறும் ஆறு இலக்கம். குழல் மூன்று அங்குலம்தான், வீட்டில் இருந்த படத்தை வைத்து அளந்து பார்த்தேன். நேற்று அம்மாவிடம் பழைய மரப்பிடி எங்கே என்று கேட்டால், தையல் சாமான் போடுகிற பிஸ்கட் டின்னை எடுத்துத் தருகிறா. பொத்தான்களுக்கு நடுவே இரண்டு துண்டும் கிடந்தன. வலதுபக்கத் துண்டைத் திருப்பினேன், உள்பக்க மரத்தில் அதே ஆறு இலக்கம் குத்தியிருக்கிறது. அதையும் பையில் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை போகிறேன்.