டிஜிட்டல் ஊடக ஆய்வு முறைகள்: ஒரு நல்ல வகுப்புப் பயிற்சி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். அடுத்த பருவத்தில் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு இந்தப் பாடம் எடுக்கிறேன். பழைய பாடத்திட்டம் ட்விட்டர் தரவை நம்பி எழுதப்பட்டது. ஆய்வாளர்கள் நிரல் வழியாக அந்தத் தரவை எடுக்க உதவிய இலவச ஏபிஐ வசதி 2023இல் நின்றுபோனது. 2024 ஆகஸ்டில் மெட்டா, ஃபேஸ்புக் போன்ற தளங்களின் பொதுப் பதிவுகளைக் கண்காணிக்க உதவிய கிரவுட்டாங்கிள் கருவியையும் மூடிவிட்டது. ஆக, பாதிப் பயிற்சிகள் செல்லாக்காசு.

இப்போதைக்கு யோசித்திருப்பது இதுதான்: ஒரு யூடியூப் காணொளியின் 100 பின்னூட்டங்களை இருவர் தனித்தனியாக வகைப்படுத்தட்டும், அப்புறம் கோஹனின் கப்பா என்ற ஒப்புமை அளவைக் கணக்கிட்டு எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று பார்க்கட்டும். எது கிண்டல், எது விமர்சனம் என்று அவர்கள் சண்டை போடும்போதுதான் தெளிவான வரையறை ஏன் தேவை என்பது புரியும். விரிவுரையில் இது மண்டையில் ஏறுவதே இல்லை.

சிக்கல் அறநெறியில். பொதுவில் கிடப்பதை எடுத்து மேற்கோள் காட்டினால் என்ன என்கிறார்கள் மாணவர்கள். பெயரை நீக்கினாலும், அந்த வரியை அப்படியே தேடினால் எழுதியவர் அகப்பட்டுவிடுவாரே! இணைய ஆய்வாளர் சங்கமான ஏஓஐஆரின் 2019 வழிகாட்டியைக் கொடுத்தேன். நீளத்தைப் பார்த்தே மலைத்துவிட்டார்கள்.

நிரல் எழுதத் தெரியாத 40 பேருக்கு இரண்டு மணி நேரத்தில் இந்த அறநெறிச் சிக்கலை உணர்த்தும் பயிற்சி யாரிடமாவது இருக்கிறதா? செய்து பார்த்துச் சொதப்பியதாக இருந்தாலும் சரி, சொல்லுங்கள்.